ஏழாம் சிஸ்டம், ஒரே கீபோர்டு

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்தே காற்று. ஆடி பிறக்கும் முன்பே ஆடிக் காற்று. கொடியில் போட்ட துப்பட்டா பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல். எடுத்து வருவதற்குள் ஒன்றாம் நம்பர் பஸ் போய்விட்டது. அடுத்ததில் நிற்கத்தான் இடம். காவிரிப் பாலத்தில் எல்லாரும் ஒரே பக்கமாகக் குனிந்து தண்ணீர் பார்த்தார்கள். கண்டக்டர்: "தண்ணி நாளைக்கும் அங்கதான் இருக்கும். உள்ள தள்ளி நில்லுங்க."

இன்று கம்ப்யூட்டர் லேப். ஷூவை வெளியே கழற்ற வேண்டும். ஏசி, மூடிய ஜன்னல், வகுப்பு முழுவதின் சாக்ஸ் வாடை. இருந்தாலும் வாரத்தில் எனக்குப் பிடித்த பீரியட் அதுதான். பிடித்திருக்க வேண்டிய பீரியட்.

ஒன்பதாம் வகுப்புக்கு இந்த வருஷம்தான் C மொழி. எட்டாவது வரை கம்ப்யூட்டர் என்றால் படம் வரைந்து பாகம் குறிப்பது. மவுஸ் வரைந்து வரைந்து எனக்கு எலியே வரைய வந்துவிட்டது. கீபோர்டு மட்டும் தொட்டதில்லை.

இரண்டு பேருக்கு ஒரு சிஸ்டம். உயர வரிசைப்படி ஜோடி. அதனால் எனக்கு வாய்த்தது சௌமியா. (இனி சௌ. முழுப்பெயர் எழுத அவளுக்கு அவ்வளவு மை செலவழிக்க மாட்டேன்.) ஜூனில்தான் எங்கள் பள்ளிக்கு வந்தாள். மலைக்கோட்டைப் பக்கம் துணிக்கடை வைத்திருக்கிறார்கள். வந்த முதல் நாளே ஏழாம் சிஸ்டத்தில் கீபோர்டு இருக்கும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

"நீ சொல்லு, நான் அடிக்கறேன்."

நான் கை நீட்டினால்: "ஐயோ, நீ ஒவ்வொரு எழுத்தாத் தேடுவ. பீரியட் முடிஞ்சிரும்."

உண்மை. அதனால்தான் இன்னும் எரிகிறது.

இன்றைய புரோகிராம்: ஆங்கில எழுத்து ஒன்றைக் கொடுத்தால் அது வவலா கான்சனன்டா என்று சொல்ல வேண்டும். மிஸ் போர்டில் எழுதிப் போட்டது இதுதான். கொடுத்த எழுத்து a, e, i, o, u இந்த ஐந்தில் ஒன்றா என்று if கேட்கும். ஆமாம் என்றால் வவல். இல்லையென்றால் else. else என்றால் கான்சனன்ட். அவ்வளவுதான்.

சௌ. பார்க்காமலே அடித்தாள். a கொடுத்தோம், வவல். b கொடுத்தோம், கான்சனன்ட். நான் சொன்னேன், பெரிய A கொடுத்துப் பார்.

கான்சனன்ட்!

எனக்கு உள்ளுக்குள் ஏதோ துள்ளியது. கம்ப்யூட்டருக்கு a வேறு, A வேறு. ஐந்து பேர் பட்டியலில் A இல்லை, அதனால் அதைத் தூக்கி else குப்பையில் போட்டுவிட்டது. கையைத் தூக்கினேன். மிஸ் வந்து பார்த்தார்: "ஸ்மால் லெட்டர் மட்டும் குடுங்கம்மா. சிலபஸ் அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். A என்ன பாவம் செய்தது?

பீரியட் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது மிஸ் ஒன்று அறிவித்தார். அதனால்தான் இன்று இவ்வளவு எழுதுகிறேன். பள்ளிகளுக்கிடையே புரோகிராமிங் போட்டி. ஒன்பதாவதிலிருந்து ஒரே ஒரு பெண். புதன்கிழமை நல்ல புரோகிராமாக ஒன்றை மிஸ் பொறுக்குவார். வெள்ளிக்கிழமை எச்.எம். வந்து பார்ப்பார். போட்டிக்குப் போகிறவளுக்குத் தினமும் மத்தியான இடைவேளையில் ஒரு சிஸ்டம். தனியாக.

தனியாக. ஒரு கீபோர்டு. பக்கத்தில் யாரும் இல்லாமல்.

எனக்குப் போட்டிகூட வேண்டாம். அது மட்டும் போதும்.

ஜூலை 15, செவ்வாய்

மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. வரவில்லை. இந்த ஊர் மழை எப்போதும் இப்படித்தான்.

சோஷியல் டெஸ்ட், சுமார். தயிர்சாதத்தில் உப்பு இல்லை.

அப்பாவிடம் போன் கேட்டேன். போனில் C ஓட்டிப் பார்க்க ஆப் இருக்கிறதாம், வகுப்பில் சொன்னார்கள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அன்யுவல் பரீட்சை முடியற வரைக்கும் போனத் தொடப்படாதுன்னு சொன்னேனா இல்லையா?" சொன்னார். ஆடிட்டர் ஆபீஸில் நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வருகிறவர். வீட்டுக்கு ஒன்று வாங்கலாமே என்றால், "அந்தக் கண்றாவிய ஆத்துலயும் பாக்கணுமா?"

காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதினேன். ஐந்து சின்ன எழுத்து, ஐந்து பெரிய எழுத்து, நடுவே எல்லாம் ||, அதாவது 'அல்லது'. பத்தில் எதுவாக இருந்தாலும் வவல். அதற்குமேல் இன்னொரு if: A-க்கும் Z-க்கும் நடுவில் இருந்தால் கேபிடல், இல்லையென்றால் ஸ்மால். ஆக ஓர் எழுத்துக்கு இரண்டு பதில். Q கொடுத்தால் கேபிடல், கான்சனன்ட். e கொடுத்தால் ஸ்மால், வவல்.

பிறகு நானே கம்ப்யூட்டராக இருந்து ஓட்டிப் பார்த்தேன். விரலை முதல் வரியில் வைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் ஆமாம், இல்லை, இல்லை, ஆமாம்.

அம்மா: "ஏண்டி, தளிகை ஆறிண்டிருக்கு. யார்கிட்ட ஆமாம் இல்லைன்னு சொல்லிண்டிருக்க?"

"மெஷின்கிட்ட."

"அந்த மெஷின் சாத்தமுது சாப்டுமா கேளு."

ஜூலை 16, புதன்

எங்கள் புரோகிராம்தான்! ஏழாம் சிஸ்டம்!

இதை எழுதியவுடன் அடுத்ததையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் வெடித்துவிடுவேன்.

நான் தாளைப் பார்த்து வரி வரியாகச் சொன்னேன். சௌ. அடித்தாள். முதல் தடவையிலேயே ஓடியது. மிஸ் G கொடுத்தார், i கொடுத்தார், U கொடுத்தார். எல்லாம் சரி. "அட, கேபிடலும் சொல்லுதே!" என்று பக்கத்து சிஸ்டம் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினார். திங்கட்கிழமை சிலபஸில் இல்லாத கேபிடல் புதன்கிழமை எப்படியோ வந்துவிட்டது.

அதுவரை சரி. மிஸ் அந்தப் பக்கம் போனதும் சௌ. நட்சத்திரக் குறிகளை அடித்து ஒரு பெட்டி போட்டாள். புரோகிராம் ஆரம்பித்ததும் முதலில் அந்தப் பெட்டி வரும். நடுவில் ஆங்கிலத்தில்: உருவாக்கியவர் சௌமியா.

"என் பேர்?"

"இடம் பத்தல."

"இன்னொரு வரி போடு."

"பாக்ஸ் கோணையாயிரும்டி."

மிஸ் திரும்பி வந்து பெட்டியைப் பார்த்துச் சொன்னது: "சூப்பர் சௌமியா. மைதிலி, நீயும் நல்லா ஹெல்ப் பண்ண."

ஹெல்ப்.

ஹெல்ப்.

எங்கள் இரண்டு பேரில் யார் போவது என்பது வெள்ளிக்கிழமை எச்.எம். பார்த்த பிறகாம். "பேசறது நீ பேசு சௌமியா, உனக்குத்தான் தயக்கம் இல்ல."

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது கணக்குப் பார்த்தேன். சௌ.விடம் எனக்குப் பிடிக்காதவை:

கீபோர்டை மடியில் பூனை மாதிரி வைத்துக்கொள்வது.
நான் வரி சொல்லி முடிக்கும் முன்பே "ம், ம்" என்பது.
அடித்துவிட்டு விரலைச் சொடுக்குவது.
பெட்டி.
எனக்கு எரிகிறது என்று அவளுக்குத் தெரிந்திருப்பது. தெரிந்தும் சாதாரணமாக இருப்பது.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் தேதி. பஸ்ஸில் பூ வாசனை, கைக்குழந்தை அழுகை. துணிக்கடைத் தள்ளுபடி நோட்டீஸ் ஒன்று ஜன்னல் வழியாகப் பறந்து வந்து ஒருவர் முகத்தில் ஒட்டிக்கொண்டது. "ஆரம்பிச்சிட்டானுங்கய்யா."

இன்று லேப் இல்லை. ஆனால் ஒன்று நடந்தது. நடந்தது என்றால் என் தலைக்குள்.

மூன்றாவது பீரியடில் எச்.எம். வராந்தாவில் போனார். எங்கள் கிளாஸில் யாரோ மெதுவாக "செரி, ஜீரோ போட்டா?" என்றாள். எல்லாரும் சிரித்தோம். போன வருஷம் கணக்கு மிஸ் பிரசவ லீவில் போனபோது எச்.எம்.தான் எங்களுக்குக் கணக்கு எடுத்தார். எந்தக் கணக்கு போட்டாலும், எவ்வளவு சரியாகப் போட்டாலும், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்பார்: "செரி, ஜீரோ போட்டா?" அங்கேதான் முக்கால்வாசிப் பேர் விழுவோம். எட்டாவது முழுக்க அவருக்கு ஜீரோ மேடம் என்றுதான் பெயர்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே நான் மட்டும் பாதியில் நிறுத்தினேன்.

வெள்ளிக்கிழமை அவர் ஏழாம் சிஸ்டத்தில் என்ன அடிப்பார்?

ஜீரோ.

ஜீரோ அடித்தால்? A-க்கும் Z-க்கும் நடுவில் இல்லை, ஆகவே else: ஸ்மால். பத்து வவலில் இல்லை, ஆகவே else: கான்சனன்ட். எங்கள் புரோகிராம் ஜீரோவைச் சின்ன எழுத்து, கான்சனன்ட் என்று சொல்லும். கமாவும் கான்சனன்ட். கேள்விக்குறியும் கான்சனன்ட். தெரியாதது எது வந்தாலும் கேட்காமல் கான்சனன்ட் என்று எழுதி உள்ளே தள்ளிவிடும். இது என்னுடைய தப்பு. நான்தான் எழுதினேன்.

எப்படிச் சரிசெய்வது என்பதும் அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு பெரிய if. முதலில் இது எழுத்துதானா என்று கேள். ஆமாம் என்றால்தான் மற்ற கேள்விகள். இல்லையென்றால் "எழுத்தே இல்லை" என்று சொல்லி அனுப்பு. சயின்ஸ் பீரியட் முழுக்க மனதுக்குள் ஓட்டினேன். எங்கும் இடிக்கவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது சௌ. டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் வந்தாள். அவளாக வந்தது இதுதான் முதல் தடவை.

"நாளைக்கு எல்லாம் சரியா இருக்கும்ல? எதாச்சும் மாத்தணுமா? காலைல சீக்கிரம் வந்தா மிஸ் லேப் திறந்து விடறேன்னாங்க."

அவளுக்கு ஜீரோ மேடம் தெரியாது. ஜூனில் வந்தவள்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றேன்.

"ஷ்யூரா?"

"ஷ்யூர்."

அவள் டப்பாவில் எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு. வேண்டுமா என்று நீட்டினாள். வேண்டாம் என்றேன்.

என் திட்டம்: எச்.எம். ஜீரோ அடிப்பார். பெட்டிக்குள் சௌமியா என்று பெயர் இருக்கும், அதற்குக் கீழே ஜீரோ கான்சனன்ட் என்று வரும். சௌ. முழிப்பாள். அப்போது நான் ஓர் அடி முன்னால் வந்து, "மேடம், நான் சரி பண்ணட்டுமா?" அவ்வளவுதான். யார் அடிக்கிறவள், யார் எழுதுகிறவள் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

ராஜகோபுரத்துக்கு முன் இறங்கி வீட்டுக்கு நடக்கையில் சிரித்துக்கொண்டே வந்தேன் போலிருக்கிறது. பூக்காரம்மா: "என்ன பாப்பா, பரீட்சைல முதல் மார்க்கா?"

ஜூலை 18, வெள்ளி

வெயில். காற்று இல்லை.

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

எச்.எம். இரண்டாவது பீரியடில் வந்தார். செருப்பைக் கழற்றி எங்கள் ஷூ வரிசையிலேயே ஓரமாக வைத்தார். சௌ. நன்றாகப் பேசினாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். பெட்டி வந்தது. எச்.எம். பெயரைப் படித்தார். தன் இனிஷியல் K அடித்தார். கேபிடல், கான்சனன்ட். "ம், நல்லாருக்கே." o அடித்தார். ஸ்மால், வவல். மிஸ் முகம் விளக்கு போட்ட மாதிரி.

எச்.எம். கண்ணாடியைக் கழற்றினார்.

"செரி, ஜீரோ போட்டா?"

போட்டார். ஸ்மால், கான்சனன்ட்.

"ஜீரோ எப்பம்மா ஸ்மால் லெட்டர் ஆச்சு? கான்சனன்ட் வேற."

பின்னாலிருந்து கொல்லென்று சிரிப்பு. மிஸ் முகத்தில் விளக்கு அணைந்தது. நான் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டிய இடம் இதுதான். காலைத் தூக்கியும்விட்டேன். அதற்குள் சௌ. திரும்பி என்னைக் கை காட்டினாள்.

"மேடம், இது மைதிலி எழுதினது. ஃபுல்லா அவதான். நான் டைப் மட்டும்தான் பண்ணேன்."

இத்தனை வாரமாக நான் கேட்க நினைத்த வாக்கியம். ஒரு சொல் குறையாமல். குற்றச்சாட்டாக.

எச்.எம். என்னைப் பார்த்தார். "அப்படியா?"

பெட்டியைக் காட்டியிருக்கலாம். மேடம், பெயர் அவளுடையது என்று சொல்லியிருக்கலாம். திரையில் அவ்வளவு பெரிதாக இருந்தது. முடியவில்லை. அந்த வாக்கியத்தைக் கையிலிருந்து விட மனம் வரவில்லை.

"ஆமா மேடம். நான்தான் எழுதினேன்."

"அப்ப நீயே சரி பண்ணு. பாப்போம்."

சௌ. எழுந்தாள். நான் உட்கார்ந்தேன். என் திட்டத்தில் இதுவரை வந்திருந்தேன். இதற்கு அடுத்ததை நான் யோசிக்கவே இல்லை. கீபோர்டு.

i எங்கே? f எங்கே? அடைப்புக்குறி இரண்டு வகை, எது எந்த விரலுக்கு? புத்தகத்தில் எழுத்து வரிசையாக இருக்கும். இங்கே யாரோ டப்பாவைக் குலுக்கிக் கொட்டிய மாதிரி. ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தேன். ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னால் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. "ஏய், எறும்பே வேகமா போகும்டி" என்று ஒருத்தி. மிஸ் "உஷ்".

பிறகு அந்த || குறி. காலண்டர் தாளில் எத்தனை தடவை போட்டிருப்பேன், இரண்டு கோடுதானே. கீபோர்டில் இல்லை. மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், இல்லை. காது மடல் சுட்டது. எச்.எம்.முக்கு ஆபீஸிலிருந்து ஆள் வந்து கூப்பிட, "முடிச்சதும் மிஸ்ஸுகிட்டக் காட்டும்மா" என்று போய்விட்டார்.

சௌ. கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றாள். அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. ரொம்ப நேரம் சொல்லவில்லை. பிறகு, கடையில் யாருக்கோ விலை சொல்கிற குரலில்: "என்டருக்கு மேல. ஷிஃப்ட்டோட."

அங்கே இருந்தது. இருந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

பெல் அடிக்கும்போது ஓட்டினேன். 0 கொடுத்தேன். எழுத்தே இல்லை என்றது. சரியான பதில். பார்க்க மிஸ்ஸும் சௌ.வும் மட்டும்தான் இருந்தார்கள். மிஸ் திரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திங்கட்கிழமை சொல்றேன்."

இரவு சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றேன். அம்மா மோர் கொடுத்தாள்.

ஜூலை 19, சனி

அம்மா ஆடித் தள்ளுபடியில் ஜாக்கெட் துணி எடுக்க மலைக்கோட்டைக்கு இழுத்துப் போனாள். வரமாட்டேன் என்றேன். "ஆத்துல உக்காந்து சுவத்த வெறிச்சுண்டிருப்ப. வா."

சந்துக்குள் தோளோடு தோள் கூட்டம். மைக்கில் ஒருவர் மூச்சு விடாமல் கூவிக்கொண்டிருந்தார். அம்மா நான்கு கடை ஏறி இறங்கினாள். ஐந்தாவது கடை.

பில் போடும் இடத்தில் சௌ.

பள்ளிக்கூடத்தில் இரண்டு பின்னல். இங்கே ஒற்றைப் பின்னலாக முறுக்கிச் செருகியிருந்தாள். முன்னால் வரிசை வாசல்வரை. பின்னால் அவள் அப்பா துணி மடித்துக்கொண்டே, "சௌமி, கைய நிறுத்தாத. கூட்டத்தப் பாரு." ஒரு பெண்மணி, "ஏம்மா, அந்த ரெண்டாவது பீஸுக்குத் தள்ளுபடி போடலியே." "போட்டாச்சுக்கா, கீழ பாருங்க." இன்னொருவர் சில்லறைக்குச் சண்டை. யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், விரல் மட்டும் கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அண்ணனோ யாரோ ஸ்டூலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆக, நான் நினைத்த மாதிரி அவள் லேப்டாப்பில் விளையாடிக் கற்றுக்கொள்ளவில்லை.

இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. நேற்றுவரை வெறுப்பது சுலபமாக இருந்தது.

அம்மா: "உன் கிளாஸ் பொண்ணுதானே? பேசேன்டி."

"அவ பிஸியா இருக்கா."

எங்கள் முறை வந்தது. சௌ. தலையைத் தூக்கினாள். என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்து, "பை வேணுமாக்கா?" என்றாள். அம்மா வேண்டாம் என்றாள். பில் கிழித்துக் கொடுத்தாள். அடுத்து.

பஸ்ஸில் அம்மா, "நன்னா பழகற பொண்ணா இருக்காளே."

நன்னா பழகுகிறவள் ஏன் என் பெயருக்கு ஒரு வரி ஒதுக்கவில்லை?

ஜூலை 20, ஞாயிறு

தலைக்கு எண்ணெய். சோஷியல் மேப் நோட் முடித்தேன். அப்பாவோடு கோயிலுக்கு. தர்ம தரிசன வரிசை மிக நீளம். அப்பா வெளியிலேயே கைகூப்பிவிட்டுத் திரும்பினார்.

மனதுக்குள் ஓடிக்கொண்டே இருப்பது: மிஸ் ஏன் என்னை அப்படிப் பார்த்தார்.

ஜூலை 21, திங்கள்

தூறல், துளித்துளியாக. குடை எடுத்துப் போய்த் திறக்காமலே கொண்டுவந்தேன்.

மிஸ் மத்தியானம் கூப்பிட்டனுப்பினார். லேப்பில் யாரும் இல்லை. மானிட்டர்களுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார். என்னிடமும் ஓர் உறை கொடுத்தார். இருவரும் மாட்டினோம்.

"வெள்ளிக்கிழமை பாத்துட்டே இருந்தேன் மைதிலி. கீயைத் தேடின. வரியத் தேடவே இல்ல. ஒரு எடத்துலயும் யோசிக்கல. என்ன எழுதணும்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

நான் உறையின் மூலையை இழுத்துக்கொண்டிருந்தேன்.

"எப்பத் தெரியும்?"

"வியாழக்கிழமை மிஸ்."

"சௌமியா உன்கிட்டக் கேட்டாளா?"

"கேட்டா."

"நீ?"

"சரியா இருக்குன்னேன்."

அடுத்த மானிட்டருக்குப் போனார். "ஒழுங்கா சொல்லியிருந்தீன்னா நீதான் போயிருப்ப. டைப்பிங்லாம் ரெண்டு வாரத்துல வந்துரும், அது ஒரு விஷயமே இல்ல. ஆனா தெரிஞ்சே விடற பொண்ண ஸ்கூல் பேர்ல நான் எப்படி அனுப்பறது? சௌமியா போறா."

அழக்கூடாது என்று வேறொன்றைச் சொன்னேன்.

"மிஸ், பெரிய A தப்பா வருதுன்னு நான் சொன்னப்ப நீங்களும் அதக் குடுக்காதன்னுதான் சொன்னீங்க."

உறை அவர் கையிலேயே நின்றது. என்னை வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். "ஆமா, சொன்னேன்" என்றார். அவ்வளவுதான். மிச்ச உறைகளைத் தனியாகவே மாட்டிக்கொண்டார்.

சொன்னதற்கு எனக்கு வருத்தமில்லை. மற்றதற்கு இருக்கிறது. எவ்வளவு என்று எழுதப் போவதில்லை.

பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. கிடைக்க வேண்டிய நாளா இது.

ஜூலை 22, செவ்வாய்

சாப்பாட்டு நேரம். நானும் என் டப்பாவும் வேப்பமரத்தடியில். லேப் ஜன்னல் வழியே சௌ. தலை தெரிந்தது. ஒற்றைத் தலை. இந்தப் பக்கம் உட்கார்ந்ததே தப்பு.

கொஞ்ச நேரத்தில் அந்தத் தலை காணோம். என் முன்னால் வந்து நின்றாள். சாக்ஸோடு, மண்ணில்.

"மிஸ் சொன்னாங்க. தெரிஞ்சே விட்டியாமே?"

"ஆமா."

"நேரா மூஞ்சியப் பாத்து ஷ்யூர்னு சொன்ன."

"ஆமா."

அடிப்பாளோ என்றுகூட நினைத்தேன். பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தாள்.

"நானும் தெரிஞ்சேதான் உன் பேரப் போடல. இடம்லாம் இருந்துச்சு."

"தெரியும்."

இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்கவில்லை. காக்கை ஒன்று என் டப்பா மூடியை இழுக்கப் பார்த்தது. அவள் விரட்டினாள்.

"ஒரு கணக்கு குடுத்துருக்காங்க" என்றாள். "மார்க்கக் குடுத்தா கிரேடு சொல்லணும். எல்லாருக்கும் கடைசி கிரேடே வருது. பர்ஸ்ட் வாங்கறவளுக்கும் அதான். எங்கன்னே தெரியல."

எனக்குத் தெரிந்தது. அவள் சொல்லி முடிக்கும் முன்பே. "ம், ம்" என்று சொல்லாமல் இருக்கப் பாடுபட்டேன்.

"கூட ஒரு ஆள் வெச்சுக்கலாமான்னு மிஸ்ஸக் கேட்டேன். உன் இஷ்டம்னாங்க. வரியா? நீ சொல்லு, நான் அடிக்கறேன்."

"முடியாது."

"பின்ன சும்மா இங்க உக்காந்து காக்காய்க்குப் போடப் போறியா?"

"நான் அடிக்கறேன். எந்தக் கீ எங்கன்னு நீ சொல்லு."

"போட்டிக்குப் போறது நான்டி!"

"போயேன். யாரு வேணாங்கறா? இங்க பாதி நேரம் எனக்கு."

கடையில் பேரம் பார்த்த கண்ணால் என்னைப் பார்த்தாள். "பாதிலாம் கட்டாது. கடைசி பத்து நிமிஷம்."

"மொதப் பத்து நிமிஷம்."

"நீ அடிக்கறதுக்குள்ள சாயந்திரம் ஆயிரும்."

"ஆகட்டும்."

யோசித்தாள். சுடிதாரில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து நடந்தாள். வா என்று சொல்லவில்லை. பின்னால் போனேன்.

ஷூவைக் கழற்றினேன். ஏழாம் சிஸ்டம். கீபோர்டுக்கு முன் இருந்த நாற்காலியில் அவள் உட்காரவில்லை, அடுத்ததில் உட்கார்ந்தாள். நான் உட்கார்ந்தேன். நாற்காலி இன்னும் சூடாகத்தான் இருந்தது. முதலிலிருந்து எழுதலாம் என்று எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னேன். முனகிக்கொண்டே அழித்தாள். வெறும் திரை. முதல் வரியின் முதல் குறி #.

"ஷிஃப்ட்டு, மூணு" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

தெரியாது.